ஏழாம் அத்தியாயம்: ரூபாய் வீடு திரும்பும் நாள்

சென்னைக்கும் அரக்கோணத்துக்கும் இடையே, 1856ஆம் வருஷம் ஜூலை மாதம் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் தென்னாட்டின் முதல் ரயில் ஓடிய அதே தடத்தில், மணவூர் என்னும் சிறிய நிலையம் இருக்கிறது. விடியற்காலை மின்சார வண்டிக்காக அங்கே காத்து நிற்பவர்களுள், ஈரத்துணி போர்த்திய கீரைக்கூடையைக் காலடியில் வைத்து, சுருக்குப்பையை இடுப்பில் செருகிக்கொண்டிருக்கும் ஒரு மாதை நாம் மனத்தில் நிறுத்திக்கொள்வோம். முந்தின மாலை தோட்டக்காரருக்கு அவள் எண்ணிக் கொடுத்த பணம், இரவு முழுவதும் கீரையாய்க் கூடையில் கிடந்து, காலையில் வில்லிவாக்கத்திலோ பெரம்பூரிலோ தெருத்தெருவாய் விலைபோய், உச்சிப்பொழுதுக்குள் சில்லறையாகவும் நோட்டாகவும் அதே சுருக்குப்பைக்குத் திரும்பிவிடுகிறது. அவளுடைய முதல் ஆயிரம் ரூபாய்தான் இருக்கும். ஆயினும் அந்த ஆயிரம் ஒரு வருஷத்தில் ஏறக்குறைய முந்நூறு தடவை வெளியே போய் வீடு திரும்புவதால், ஒரு குடும்பத்தின் பாரத்தை அது தாங்கிவிடுகிறது.

மணவூருக்கு அடுத்த நிலையம் திருவாலங்காடு. அவ்வூரில் திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. வெட்டிய கரும்பு காத்திருந்தால் சாற்றின் சர்க்கரைச் சத்து மணிக்கு மணி குறையுமாதலால், எந்தச் சர்க்கரை ஆலையும் வந்த கரும்பை உடனுக்குடன் அரைத்தாக வேண்டும். அரைவைப் பருவத்தின் சில மாதங்களில் மூட்டை மூட்டையாகக் குவியும் சர்க்கரையோ, வருஷம் முழுவதும் சிறிது சிறிதாகவே விற்பனையாகும். 2018ஆம் வருஷம் ஜூன் மாதம் முதல், எந்த மாதத்தில் எவ்வளவு விற்கலாம் என்பதையும் மத்திய அரசாங்கமே ஒவ்வோர் ஆலைக்கும் நிர்ணயித்து வருகிறது. ஆனால் 1966ஆம் வருஷத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையோ, கரும்பு வந்த 14 நாளுக்குள் விவசாயிக்கு விலையைக் கொடுத்துவிட வேண்டும் என்றும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேர்க்க வேண்டும் என்றும் விதிக்கிறது. பதினான்காம் நாள் வெளியே போகும் ரூபாய் பல மாதங்கள் கழித்தே திரும்புகிறது என்றால், இடைப்பட்ட காலத்துக்கு அந்த ரூபாயின் இடத்தில் வேறொரு ரூபாய் நின்றாக வேண்டும். அது பெரும்பாலும் சர்க்கரை மூட்டைகளை ஈடு காட்டி வங்கியில் வாங்கும் ரூபாயே ஆகும்.

அடுத்தடுத்த இரண்டு ரயில் நிலையங்களில் நாம் கண்ட இந்த வித்தியாசத்தை அளப்பதற்குரிய கோல்தான் இந்த அத்தியாயத்தின் விஷயம். கையிலிருந்து போன ரூபாய் கைக்குத் திரும்ப எத்தனை நாள் ஆகிறது என்று சொல்லும் அந்த எண்ணை, ரொக்கச் சுழற்சிக் காலம் என்று அழைக்கலாம். வருஷக் கடைசியில் எழுதப்படும் லாபத்தொகை தொழிலின் வாய்ச்சொல் என்றால், இந்த நாள்கணக்கு அதன் நாடி எனலாம்.

லாபம் இருந்தும் கூலிக்குப் பணமில்லாமை

திருத்தணிக்கு மேற்கிலும் வடமேற்கிலும் பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம் என்று நெசவையே ஜீவனமாகக் கொண்ட ஊர்கள் பல. அந்தப் பக்கத்தில் பல வருஷங்களுக்கு முன் ஒரு லுங்கி உற்பத்தியாளரின் கணக்கைப் பரிசீலிக்க எனக்கு நேர்ந்தது. லாப நஷ்டக் கணக்கில் கௌரவமான லாபம் நின்றது. ஐந்தொகையும் வில்லங்கமின்றிப் பொருந்தியது. ஆனால் வாரக் கடைசியில் தறிக்காரர்களுக்குக் கூலி கொடுக்க அவர் நகையைத் தூக்கிக்கொண்டு அடகுக்கடைக்கு ஓடிக்கொண்டிருந்தார். லாபம் எங்கே போயிற்று என்று அவர் என்னைக் கேட்டபோது, நான் பேரேட்டை மூடிவிட்டு, கிடங்கைத் திறந்து காட்டச் சொன்னேன். கீழ்த்தட்டில் அந்த மாதத்துச் சரக்கு புது நூல் வாசனையோடு இருந்தது. மேல்தட்டில், எப்போதோ எடுபடாமற்போன ஒரு கட்டத்தில் நெய்த லுங்கிக் கட்டுகள், மடிப்போரங்கள் வெயில் பட்டு வெளுத்தபடி, கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. அவருடைய லாபத்தில் ஒரு பாகம் அங்கே அடுக்கியிருந்தது. மற்றொரு பாகம், வெளியூர்க் கடைகளில் ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்ற வாக்கில் தங்கியிருந்தது.

நடப்புச் சொத்தை நடப்புக் கடனால் வகுத்துப் பார்க்கும் பழைய முறையிலுள்ள குறை இதுவே. வெளுத்த லுங்கியும் வசூலாகாத பாக்கியும் சொத்துப் பக்கத்திலேயே நிற்பதால், அவை பெருகப் பெருக அந்த விகிதம் அழகாகிக்கொண்டே போகிறது. வெர்லின் ரிச்சர்ட்ஸ், யூஜீன் லாஃப்லின் என்னும் இரு அமெரிக்க ஆசிரியர்கள் 1980ஆம் வருஷம் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தக் குறையை எடுத்துக்காட்டி, அதை நிவர்த்திக்கவே ரொக்கச் சுழற்சிக் காலம் என்னும் அளவையை முன்வைத்தார்கள். சொத்து எவ்வளவு என்று கேட்பதை விட்டு, அது ரொக்கமாக எத்தனை நாள் ஆகும் என்று அவர்கள் கேட்டார்கள்.

மூன்று நாள்கணக்குகள்

இந்த அளவைக்கு மூன்று உறுப்புகள் உண்டு. முதலாவது, சரக்கு தங்கும் நாள்: சராசரிச் சரக்கிருப்பை, விற்ற சரக்கின் ஒரு நாள் அடக்கவிலையால் வகுத்தால் வருவது. இரண்டாவது, பாக்கி வசூலாகும் நாள்: வாடிக்கைக்காரர்கள் தர வேண்டிய சராசரிப் பாக்கியை ஒரு நாள் கடன் விற்பனையால் வகுத்தால் வருவது. மூன்றாவது, நாம் தவணை பெறும் நாள்: நூல்காரருக்கும் சாயக்காரருக்கும் நாம் தர வேண்டிய சராசரித் தொகையை ஒரு நாள் கொள்முதலால் வகுத்தால் வருவது, கொள்முதல் தனியே தெரியாதபோது அடக்கவிலையையே அதற்குப் பதிலாக வைத்துக்கொள்வது வழக்கம். முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழித்தால் நமக்கு வேண்டிய எண் கிடைத்துவிடும்.

சரக்கை அடக்கவிலையாலும் பாக்கியை விற்பனை விலையாலும் வகுக்க வேண்டும் என்பதை மாற்றிவிடக் கூடாது; ஏனெனில் கிடங்கிலுள்ள லுங்கி அடக்கவிலையில் எழுதப்பட்டிருக்கிறது, கடைக்காரரின் பாக்கியோ விற்ற விலையில் நிற்கிறது. இன்னொரு நுட்பமும் உண்டு. பாக்கித் தொகையில் சரக்கு சேவை வரியும் அடங்கியிருக்கும். விற்பனைக் கணக்கில் அது சேராது. ஆகவே பாக்கியிலிருந்து வரியை நீக்கிவிட்டு வகுப்பதே முறையாகும்.

கணக்கு விளங்கும்பொருட்டு, எளிய எண்களாக நானே அமைத்த ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் உற்பத்தியாளர் வருஷத்தில் 1,46,00,000 ரூபாய்க்கு லுங்கி விற்கிறார். எல்லாம் கடன் விற்பனை. அதாவது நாளொன்றுக்கு 40,000 ரூபாய். விற்ற சரக்கின் அடக்கவிலை 1,09,50,000 ரூபாய். நாளொன்றுக்கு 30,000 ரூபாய்.

சராசரிச் சரக்கிருப்பு 18,00,000 ÷ 30,000 = 60 நாள்
சராசரிப் பாக்கி 30,00,000 ÷ 40,000 = 75 நாள்
நாம் தர வேண்டியது 9,00,000 ÷ 30,000 = 30 நாள்
ரொக்கச் சுழற்சிக் காலம் 60 + 75 − 30 = 105 நாள்

தை மாதப் பிறப்பில் நூலுக்கென்று அவர் கொடுத்த ரூபாய், சித்திரை மாத நடுவில்தான் வீட்டுக்கு வருகிறது. அந்த 105 நாளும் தறி நிற்காமல் ஓட வேண்டுமானால், 18 லட்சமும் 30 லட்சமும் சேர்ந்த 48 லட்சத்தில் 9 லட்சம் போக, 39 லட்ச ரூபாய் எந்நேரமும் தொழிலுக்குள்ளேயே அகப்பட்டுக் கிடக்கும்.

இந்த 39 லட்சத்துக்கு வங்கி எவ்வளவு தரும் என்பதும் நாள்கணக்கையே பொறுத்தது. பிரகாஷ் டாண்டன் தலைமையில் 1974ஆம் வருஷம் ரிசர்வ் வங்கி நியமித்த குழு, இன்னின்ன தொழிலுக்கு இத்தனை மாதச் சரக்கு, இத்தனை மாதப் பாக்கி என்று வரம்பு கட்டியதிலிருந்தே, நம் நாட்டு வங்கிகள் இந்த வகையில் சிந்திக்கப் பழகின. பின்னர் 1991ஆம் வருஷம் நியமிக்கப்பட்ட பி. ஆர். நாயக் குழு, சிறு தொழிலின் சுழற்சி மூன்று மாதம் என்று வைத்து, எதிர்பார்க்கும் வருஷ விற்பனையில் கால் பங்கு நடைமுறை மூலதனமாக வேண்டியிருக்கும் என்றும், அதில் விற்பனையின் 5 சதவீதத்தை உடையவர் போட, 20 சதவீதத்தை வங்கி தர வேண்டும் என்றும் வகுத்தது. நம் உற்பத்தியாளருக்கு அந்தக் கணக்கின்படி வங்கிக் கடன் 29,20,000 ரூபாய், சொந்தப் பணம் 7,30,000 ரூபாய். ஆக 36,50,000 ரூபாய். தேவையோ 39 லட்சம். வங்கி உத்தேசித்த மூன்று மாதத்துக்கு மேல் அவருடைய சுழற்சி நீண்டுவிட்டதால் எழுந்த அந்த இரண்டரை லட்சப் பள்ளத்தை நிரப்பத்தான், வாரக் கடைசியில் நகை அடகுக்கடைக்குப் போகிறது.

எந்த நாளின் இருப்பை எடுப்பது?

ஐந்தொகை மார்ச் 31ஆம் தேதியில் எழுதப்படுகிறது; தொழிலின் பருவமோ அந்தத் தேதியை மதிப்பதில்லை. மார்ச் மாதத்தில் சர்க்கரை ஆலையின் கிடங்கு அரைவைப் பருவத்தின் விளைவால் நிரம்பியிருக்கும். ஆகவே அன்றைய இருப்பைக் கொண்டு கணக்கிட்டால் சரக்கு தங்கும் நாள் உண்மைக்கு அதிகமாகத் தோன்றும். திருத்தணி மலையடிவாரத்தில் பூஜைப் பொருள் விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொண்டால், ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு திரண்டு வரும் பக்தர்களை உத்தேசித்து ஆனி மாதத்தில் நிரம்பும் அதன் அலமாரி, மார்ச்சில் பாதி காலியாக இருக்கும். அங்கே அதே கணக்கு உண்மைக்குக் குறைவாகத் தோன்றும். இரண்டும் பொய்க்கணக்கு அல்ல. ஆயினும் இரண்டும் மனிதனை ஏமாற்றிவிடும்.

ஆகவே மாதந்தோறும் கடைசி நாளில் சரக்கு, பாக்கி, கொடுக்க வேண்டியது ஆகிய மூன்று தொகைகளையும் ஒரு நோட்டில் குறித்து வந்து, பன்னிரண்டின் சராசரியை எடுப்பதே சிலாக்கியம். அந்த நோட்டின் பிரயோஜனம் சராசரியோடு முடிவதில்லை. எந்த மாதத்தில் ரூபாய் அதிக நாள் வெளியே தங்குகிறது என்பது தெரிந்தால், எந்த மாதத்துக்கு வங்கியிடம் முன்கூட்டிப் பேச வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது. பிறரோடு ஒப்பிடும்போது ஒரே தொழிலில் உள்ளவர்களோடுதான் ஒப்பிட வேண்டும். கீரைக்காரியின் ஒரு நாளையும் ஆலையின் பல மாதங்களையும் பக்கத்தில் வைத்து, ஒன்று திறமை மற்றொன்று திறமையின்மை என்று சொல்வது நியாயமாகாது. அவரவருடைய சென்ற வருஷத்து எண்ணே அவரவருக்கு மிகச் சிறந்த ஒப்புநோக்கு.

காலத்தைக் குறைக்கும் வழி

சரக்கு என்று மொத்தமாக எழுதியதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். லுங்கித் தொழிலில் அது மூன்று இடத்தில் நிற்கிறது: பையாக இருக்கும் நூல், தறிமேல் ஏறிய பாவு, மடித்துக் கட்டிய லுங்கி. 60 நாளில் நூல் 20 நாள், தறி 10 நாள், கட்டு 30 நாள் என்று தெரிந்தால், எங்கே கை வைக்க வேண்டும் என்பதும் உடனே தெரிந்துவிடும். தறியின் பத்து நாளை அவசரப்படுத்தினால் துணி கெடும். விலை ஏறும் என்ற நப்பாசையில் வாங்கிப் போட்ட நூலையும், வாடிக்கைக்காரர் கேட்காமலே நெய்து வைத்த கட்டங்களையும் குறைத்தால் எதுவும் கெடாது. மேல்தட்டில் வெளுத்துக் கிடப்பதை அடக்கத்துக்குக் கீழே விற்க நேர்ந்தாலும் விற்றுவிடுவதே நலம். நஷ்டம் அந்த லுங்கி வெளுத்த நாளிலேயே வந்துவிட்டது, விற்கும் நாளில் அது கணக்கில் ஏறுகிறது, அவ்வளவே.

பாக்கியையும் அவ்வாறே வயதுவாரியாகப் பிரித்து எழுத வேண்டும்: 30 நாளுக்கு உட்பட்டது, 31 முதல் 60 வரை, 61 முதல் 90 வரை, 90க்கு மேற்பட்டது என நான்கு பத்தி போதும். 75 நாள் என்ற சராசரிக்குள், நாற்பது நாளில் நாணயமாகக் கொடுப்பவரும் ஆறு மாதமாக முகம் காட்டாதவரும் கலந்திருப்பார்கள். முன்னவரை நெருக்கிப் பின்னவரை விட்டுவிடுவது நாம் எல்லோரும் செய்யும் தவறு. பில்லைச் சரக்கோடு அன்றே அனுப்புவதும், தவணைத் தேதியைப் பில்லிலேயே அச்சிடுவதும், தேதிக்கு மூன்று நாள் முன்பாக மரியாதையாக நினைவூட்டுவதும் சின்னக் காரியங்களே. ஆனால் பத்துப் பதினைந்து நாள் அவற்றில்தான் ஒளிந்திருக்கிறது. கடனுக்கு விற்றாலும், மாதந்தோறும் கணக்குச் சமர்ப்பிப்பவர் சரக்கு சேவை வரியை மறுமாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும் என்பதால், வசூலாகாத பாக்கி நமக்கு வரவேண்டியதைத் தடுப்பதோடு நம் கையிலிருப்பதையும் எடுத்துக்கொண்டு போகிறது.

நம் உதாரணத்தில் சரக்கு 60 நாளிலிருந்து 45 ஆகவும், பாக்கி 75 நாளிலிருந்து 55 ஆகவும் குறைந்ததாக வைத்துக்கொள்வோம். சரக்கில் 15 × 30,000 = 4,50,000 ரூபாயும், பாக்கியில் 20 × 40,000 = 8,00,000 ரூபாயும் விடுபட, சுழற்சி 70 நாள் ஆகிறது; 39 லட்சத்துக்குப் பதிலாக 26,50,000 ரூபாயே போதும். விடுபட்ட 12,50,000 ரூபாய்க்கு 12 சதவீத வட்டி என்று வைத்தால், வருஷத்துக்கு 1,50,000 ரூபாய் மிச்சம். ஒரு தறி கூட்டாமல், ஒரு லுங்கி அதிகமாக விற்காமல், வந்த லாபம் இது.

குறைக்கக் கூடாத வழி

இதுவரை மூன்றாவது உறுப்பைப் பற்றி நான் பேசாமலிருந்தது காரணமாகவே. சூத்திரத்தை மட்டும் பார்ப்பவருக்கு, கழிக்கும் எண்ணைப் பெரிதாக்கினால் விடை சிறிதாகும் என்பது உடனே தோன்றும். வாங்கியவரிடம் முதலில் பணத்தைப் பெற்றுக்கொண்டு, சரக்கு தந்தவருக்குப் பிறகு கொடுத்து, பூஜ்யத்துக்கும் கீழான சுழற்சியில் நடந்த டெல் கம்ப்யூட்டர் கம்பெனியின் யுக்தி 1990களில் உலகமெங்கும் புகழ்பெற்றது. அதைப் படித்துவிட்டு, நூல்காரரையும் தறிக்காரரையும் காக்க வைப்பதே நிர்வாகத் திறமை என்று எண்ணுபவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். டீமார்ட் கடைகளை நடத்தும் அவென்யூ சூப்பர்மார்ட்ஸோ, சரக்கு தந்தவர்களுக்கு விரைந்து கொடுத்து, அதனால் விலையில் சகாயம் பெற்று வளர்ந்த ஸ்தாபனம் என்பதையும் அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தவணை இலவசம் என்பதே முதல் மயக்கம். ஒரு மாதம் முன்னதாகக் கொடுத்தால் 2 சதவீதம் தள்ளுபடி தருவதாக நூல்காரர் சொல்லும்போது, நாம் தவணையே போதும் என்று இருந்துவிட்டால், 98 ரூபாயை ஒரு மாதம் வைத்திருப்பதற்கு 2 ரூபாய் கொடுக்கிறோம். வருஷ வட்டியாக்கினால் அது ஏறக்குறைய 25 சதவீதம். வங்கியில் 12 சதவீதத்துக்குக் கிடைக்கும் பணத்தை விட்டுவிட்டு இதை நாடுவது விவேகமாகாது.

சட்டமும் இந்த இடத்தில் வேலி கட்டியிருக்கிறது. 2006ஆம் வருஷத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, குறு அல்லது சிறு உற்பத்தியாளருக்குத் தர வேண்டியதை, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், ஒப்பந்தம் இல்லாவிடில் 15 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் அசலோடு சேர்ந்து கூட்டு வட்டியாக ஏறும். அப்படிக் காலம் கடந்து நிற்கும் தொகையை, உண்மையில் கொடுத்த வருஷத்தில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டலாம் என்னும் விதியும் 2024 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. நம்மிடம் வாங்கியவர் காக்க வைக்கும்போது இந்தச் சட்டம் நமக்குக் கேடயம். நாம் ஒரு சிறு சாயப்பட்டறைக்காரரைக் காக்க வைக்கும்போது அதுவே நம்மேல் பாயும் வாள்.

சட்டத்துக்கும் மேலே ஒன்று இருக்கிறது. நாம் கொடுக்காமல் நீட்டும் ஒவ்வொரு நாளும் மறைந்துபோவதில்லை. அது இன்னொருவருடைய வசூலாகும் நாளில் போய்ச் சேருகிறது. நம் 105ஐ 90 ஆக்குவதற்கு நூல்காரரிடம் 15 நாள் எடுத்தால், அவருடைய சுழற்சி நம்முடைய அந்தப் பாக்கியின் அளவுக்கு நீள்கிறது. அவர் தமக்குக் கீழே இருப்பவரிடம் எடுக்கிறார். கடைசியில் அந்தப் பதினைந்து நாளும், யாரிடமும் எடுக்க வழியில்லாத தறிக்காரர் வீட்டு அடுப்பில் வந்து நிற்கிறது. சரக்கிலும் வசூலிலும் மிச்சப்படுத்திய நாளோ எவரிடமிருந்தும் எடுத்ததன்று. நம் அசிரத்தையிலிருந்து மீட்டது. ஆகவே சுழற்சியைக் குறைக்கப் புகுபவர், முதல் இரண்டு உறுப்புகளிலும் செய்யக்கூடியதெல்லாம் செய்து முடிக்கும் வரையில் மூன்றாவதைத் தொடலாகாது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

வாசகர் செய்து பார்க்க வேண்டியவை

1. சென்ற பன்னிரண்டு மாதங்களின் கடைசி நாளில் இருந்த சரக்கு, பாக்கி, கொடுக்க வேண்டியது ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதிச் சராசரி காண்க.

2. மூன்று நாள்கணக்கையும் கண்டு, ரொக்கச் சுழற்சிக் காலத்தை அந்தப் பக்கத்தின் தலைப்பில் எழுதுக. வங்கிக் கடன் வரம்பு 90 நாளை உத்தேசித்தது என்பதை நினைவில் வைத்து, உங்கள் எண் அதற்கு மேலா கீழா என்று பார்க்க.

3. சரக்கை அது நிற்கும் இடவாரியாகவும், பாக்கியை வயதுவாரியாகவும் பிரித்து, ஒவ்வொன்றிலும் மிகப் பழைய மூன்று இனங்களைக் குறிக்க. இந்த மாதத்து வேலை அந்த ஆறு இனங்களே.

4. உங்களுக்குச் சரக்கோ உழைப்போ தருபவர்களுள் குறு, சிறு தொழிலாகப் பதிவு பெற்றவர் யார் என்று கேட்டறிந்து, அவர்களுக்குரிய தேதிகளைத் தனியே எழுதி வைக்க.

5. மூன்று மாதம் கழித்து மறுபடி கணக்கிடுக. எண் குறைந்திருந்தால், அது எந்த உறுப்பால் குறைந்தது என்று பார்க்க.

ஐந்தாவதை மட்டும் யாரும் விட்டுவிடக் கூடாது. நான் மேலே சொன்ன லுங்கி உற்பத்தியாளர், மேல்தட்டை ஒழித்து, பழைய பாக்கிக்காரர்களை நேரில் போய்க் கண்டு, இரண்டு பருவம் கழித்து என்னிடம் மறுபடியும் நோட்டைக் கொண்டுவந்தார். சுழற்சி குறைந்திருந்தது, தவணை பெறும் நாளும் கூடவே சற்றுக் குறைந்திருந்தது. கணக்கின்படி அது அவருக்குப் பாதகமாயிற்றே என்று நான் அந்த எண்ணின்மேல் விரலை வைத்தேன். வாரக் கடைசியில் கூலியை முதலில் எண்ணி வைத்துவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்குகிறேன், ஐயா, என்றார் அவர். நான் விரலை எடுத்துவிட்டேன்.